பூச்சியத்துக்குப் பூட்டிய நாலு தறி

உப்புநீர் வாவிக்கரையில் ஆலைத்துறை என்றொரு நகரம். முன்னொரு காலத்தில் அங்கே அரசாங்க நெசவாலை ஓடியது. பிறகு சண்டை வந்தது, சண்டை போனது, ஆலை மட்டும் திரும்பி வரவில்லை. கூரைத் தகரத்தை ஒரு கூட்டம் கழற்றியது, இயந்திரங்களை இன்னொரு கூட்டம் கழற்றியது. கழற்றித் தூக்க முடியாத காரணத்தால் புகைக்கூண்டு மட்டும் நின்றது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த ஊரை மீட்டெடுக்க ஒரு சபை வந்த கதையைத்தான் நான் சொல்ல வந்தேன். சொல்லும்போது எனக்கு வயிறு எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபையின் பெயர் 'ஆலைத்துறை கைத்தொழில் மீளெழுச்சி மற்றும் நம்பிக்கைக் கட்டியெழுப்புகை அதிகார சபை'. முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு முழம் துணி நெய்துவிடலாம். ஆகவே சபை என்றே சொல்வோம். துணி நெய்யத் தெரிந்தவர் அதில் எவருமில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

துணி நெய்தவன் முனாஸ். கட்டார் நாட்டு வெயிலில் காய்ந்து சேர்த்த காசில் நாலு விசைத்தறி வாங்கி, பழைய ஆலை வளவின் பின்பக்கம் ஒரு கொட்டிலில் வைத்திருந்தான். இடுப்பில் கட்டும் சாரமும், தலை துவட்டும் துவாயும் நெய்தான். கூட வேலை செய்தவர்கள் அவன் மனைவி நபீஸாவும், வாவிக்கு அக்கரையிலிருந்து தோணியில் வரும் இலட்சுமிப்பிள்ளை என்ற பெண்ணும். ஆலைத்துறை செத்துப்போன ஊர் என்று யாராவது சொன்னால் முனாசுக்குக் கோபம் வரும். சொல்பவரைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தறிகளுக்கு நடுவில் நிறுத்துவான். அந்தச் சத்தத்தில் சொன்னவருக்குத் தான் சொன்னதே கேட்காது.

சபையின் கள உத்தியோகத்தர் இர்ஷாத் ஒருநாள் நகரத்தில் ஓடுகிற இயந்திரங்களைக் கணக்கெடுக்க வந்தான். காலை முழுக்கச் சுற்றியும் ஒன்றும் அகப்படவில்லை. பையனுக்கு நல்ல சந்தோஷம். கொட்டில் பக்கம் வந்ததும் செத்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டவனைப் போல நின்றுவிட்டான்.

"காக்கா, இது ஓடுதா?" என்றான். காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன்.

"ஓடுது தம்பி. உள்ளுக்கு வாங்க."

"எப்பயிலிருந்து?"

"விடிய சுபஹு தொழுதிட்டு வந்து போட்ட."

"அதுதான் பிரச்சின" என்றான் இர்ஷாத், உண்மையான கவலையோடு.

அடுத்த நாளே முனாசைச் சபைக்கு அழைத்தார்கள். தலைவர் கலாநிதி வினாயகமூர்த்தி குளிரூட்டிய அறையில் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அறை குளிரென்பதால் கோட்டா, கோட்டுக்காக அறையைக் குளிரவைத்தார்களா என்பது முனாசுக்கு விளங்கவில்லை.

"முனாஸ், வளர்ச்சி எண்டா என்ன?"

"தெரியா சேர்."

"ரெண்டு எண்ணுக்கு நடுவில இருக்கிற தூரம். அவ்வளவுதான். இப்ப உங்களிட்ட நாலு தறி ஓடுது. நாங்க பாடுபட்டு ஆறு ஆக்கினா, அரைவாசிதான் வளர்ச்சி. வங்கிக்காரன் சிரிப்பான். ஆனா இப்ப பூச்சியம் எண்டு வைங்க. மறுகா நாலு ஓடுது. பூச்சியத்திலிருந்து நாலுக்கு எத்தின வீதம்?"

முனாஸ் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.

"அளக்கவே ஏலா!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். "முடிவில்லாத வளர்ச்சி! உலகத்தில ஒரு நகரமும் காட்டாத வளர்ச்சி! அதுக்கு ஒரேயொரு தடைதான் இரிக்கி."

"என்ன தடை சேர்?"

"நீங்க."

கொட்டில் நின்ற நிலம் ஆலையோடு சேர்ந்து சபையின் கைக்கு வந்திருந்தது. அன்று பின்னேரமே கொட்டில் கதவில் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது. சாவியைத் தலைவரே எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "திறப்பு விழாவில என்ட கையாலயே திறப்பன். பெருநாளைக்கு முதல் நடக்கும்" என்றார். பெருநாள் என்றால் சாரம் விற்கிற காலம். அந்த ஒரு வார்த்தையை நம்பி முனாஸ் தலையாட்டினான். நாலு தறியிலும் பாவு நூல் ஏற்றியபடி இருந்தது. வாவிக் காற்றில் உப்பு இருக்கிறது என்பதையும், எலிக்குப் பஞ்சு நூல் பிடிக்கும் என்பதையும் சபையின் அடிப்படை ஆய்வில் யாரும் எழுதவில்லை.

பூச்சியத்தை உண்டாக்கியாயிற்று. இனி நகரம் மீண்டெழ வேண்டியதுதான் பாக்கி.

முதலில் ஆலைச் சங்கு மீண்டெழுந்தது. ஆலை ஓடிய காலத்தில் வேலை தொடங்க ஊதிய சங்கை இப்போது கம்பம் நட்டு, நகரமெங்கும் ஒலிபெருக்கி கட்டி ஊதவிட்டார்கள். காலையில் சங்கு ஊதும்போது வேலைக்குப் போனவர்கள் சபை உத்தியோகத்தர்கள் மட்டும்தான். பின்னேரம் ஊதும்போது அவர்களோடு ஆடுகளும் வீட்டுக்குப் போகப் பழகிக்கொண்டன. ஒழுக்கத்தோடு திரும்பும் உழைப்பாளர் கூட்டம் என்று சபையின் சஞ்சிகையில் ஆடுகள் இல்லாத பக்கமாகப் பார்த்துப் படம் போட்டார்கள்.

பிறகு புகை. புகை இல்லாத கைத்தொழில் நகரத்தை வங்கி நம்பாது என்று ஆலோசகர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார். கொக்கட்டிச்சோலை வயல் வட்டைகளிலிருந்து லொறி லொறியாக ஈர வைக்கோல் வந்தது. வைக்கோல் போதாமல் பழைய டயர். புகைக்கூண்டின் அடியில் அதையெல்லாம் போட்டுக் கொளுத்தி, மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். படம் பிரமாதம். கொடியில் காய்ந்த வெள்ளை உடுப்பெல்லாம் கறுத்துப்போனது. முறையிடப் போன பெண்களிடம் தலைவர், "இது அழுக்கில்ல தங்கச்சி, வளர்ச்சி படிஞ்சிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு நம்பிக்கையை அளக்க வீடு வீடாகப் போனார்கள். இர்ஷாத் நபீஸாவின் வாசலில் வந்து நின்றான்.

"ராத்தா, நகரம் மீண்டெழும்பிட்டு எண்டு நீங்க உணர்றீங்களா? மிக நன்றாக, நன்றாக, விரைவில். இந்த மூண்டில ஒண்டச் சொல்லுங்க."

"இல்ல எண்டு சொல்ல ஏலாதா?"

"அப்பிடி ஒரு பதில் வெக்கல்ல ராத்தா."

"எங்கட தறியப் பூட்டினதே நீங்கதான். வயித்துக்கும் பூட்டுப் போட்ட மாதிரி இரிக்கி. எப்ப துறப்பீங்க, அதச் சொல்லுங்க!"

"விரைவில்" என்றான் இர்ஷாத் வாய்தவறி. உடனே முகம் மலர்ந்து, அதையே அவள் பதிலாகக் குறித்துக்கொண்டு போய்விட்டான்.

பெருநாள் வந்தது, போனது. திறப்பு விழாவுக்கு ஒரு பெரியவருடைய தேதி கிடைக்கவில்லை என்றார்கள். சித்தாண்டிக் கோயில் திருவிழாவும் போனது. முனாஸ் சபை வாசலில் நாயாய்க் காத்துக் கிடந்தான். கடைசியில் அவன்மேல் இரக்கப்பட்டு ஒரு வேலை கொடுத்தார்கள். அது என்ன வேலை என்று கேளுங்கள்.

ஆலையின் முன்மண்டபத்தில் ஒட்டுப்பலகையால் ஒரு தறி செய்து வெள்ளி நிறம் பூசி வைத்திருந்தார்கள். பார்வையாளர் வரும்போது முனாஸ் நீலச் சீருடை போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்று கையை ஆட்ட வேண்டும். தறிக்குப் பின்னால் ஸ்பீக்கரில் தறிச்சத்தம் போடுவார்கள். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முனாஸ் ஆட்டிய கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அது அவனுடைய தறிகளின் சத்தம். பூட்டுப் போடுவதற்கு முன்னால் இர்ஷாத் கைப்பேசியில் பதிந்துகொண்டு போயிருக்கிறான். சடக் சடக்கென்று ஓடிக்கொண்டே வந்து, நடுவில் நபீஸாவின் குரலும் தெளிவாகக் கேட்கும்: "இஞ்சருங்க, தேத்தண்ணி ஆறுது!" அந்த இடம் வரும்போதெல்லாம் இர்ஷாத் ஓடிவந்து சத்தத்தைக் குறைப்பான். நகரத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அந்த இடம் மனப்பாடம்.

உண்மைத் தறியைப் பூட்டிவைத்துவிட்டு, பொய்த் தறியில் அவனைக் கூலிக்கு நிறுத்தினார்கள். மனுசன் சீருடையைக் கழற்றி அவர்கள் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. விழா அன்று சாவி வெளியே வரும் என்ற ஒரே எண்ணத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஆட்டினான்.

ஒருவழியாக விழாவும் வந்தது. பணம் கொடுக்கும் வெளிநாட்டு வங்கியிலிருந்து உயரமான ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு என்பதை விருந்து முடிந்ததும் அவர் அறிவிப்பதாக ஏற்பாடு. நகரமே ஆலை வளவில் கூடியது. நேரடி ஒளிபரப்பு வேறு. தலைவர் சட்டைக் கழுத்தில் ஒரு சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு மேடை ஏறினார்.

"இந்த நகரம் விழுந்தது உண்மை! ஆனால் அந்த வீழ்ச்சியை நாங்கள் அளந்திருக்கிறோம். அளக்கப்பட்ட வீழ்ச்சி பாதி எழுச்சி! நாங்கள் வரும்போது இங்கே ஓடிய இயந்திரங்கள் எத்தனை? பூச்சியம்! இன்று? இன்று ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு தறி ஓடுகிறது!"

முனாஸ் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தான். ஓடியது தறி அல்ல.

"நெஞ்சில் ஓடும் தறி நிலத்தில் ஓடும் நாள் இரண்டாம் கட்டத்தில் வரும்! கொட்டில் அடுத்த வருடம் திறக்கப்படும்!"

கைதட்டினார்கள். யார் தட்டினார்கள் என்று முனாசுக்குத் தெரியாது. காதுக்குள் கூவென்று ஒரு சத்தம். கூட்டத்தில் நின்ற நபீஸா அவனையே பார்த்தாள். அழவில்லை, அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். இத்தனை மாதமும் ஒன்றும் விளங்காமல் அலைந்த மனிதனுக்கு அப்போது எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. இவர்கள் திறக்கவே மாட்டார்கள். தறி ஓடினால் சபை எதற்கு?

தலைவர் பேச்சை முடிக்கவில்லை. முடித்திருந்தால் தப்பியிருப்பார். நுணலும் தன் வாயால் கெடும்.

"இன்று நாங்கள் மேசையில் சாப்பிடப் போவதில்லை! இந்த மக்களோடு பாயில் உட்கார்ந்து, ஒரே சஹனில் சாப்பிடப் போகிறோம்! சஹனில் கூட இருக்கிறவர் சாப்பிட்டு முடிக்குமுன் எழும்புவது மரியாதை இல்லை என்பது இந்த மண்ணின் வழக்கம். நான் சத்தியம் செய்கிறேன், என் சஹனில் கடைசி மனிதன் கை எடுக்கும்வரை நான் எழும்ப மாட்டேன்!"

இதை இர்ஷாத் இங்கிலீசில் சொன்னதும் வெள்ளைக்காரர் நெகிழ்ந்து கைதட்டினார். சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு. தலைவரின் சஹனில் அவர், வெள்ளைக்காரர், இர்ஷாத், சபைக்காரர் இரண்டு பேர், ஆறாவதாக, மீண்டெழுந்த குடிமகனின் பிரதிநிதியாக, நீலச் சீருடையோடு முனாஸ். அவனை அங்கே உட்கார வைத்ததும் சபைதான். கெடுகாலம் வந்தால் கண்ணும் தெரியாது.

நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி. தலைவர் அவசரமாகச் சாப்பிட்டார். அவர் பின்னேரத்துக்குள் இன்னொரு நகரத்தையும் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்களும் முடித்தார்கள். முனாஸ் தன் முன்னாலிருந்த சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்து, நன்றாக மென்று, விழுங்கி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். பிறகு அடுத்த பருக்கையைத் தேடினான்.

"என்ன முனாஸ், பசி இல்லையா?" என்றார் தலைவர் சிரித்துக்கொண்டு.

"நல்லாப் பசிக்கிது சேர். கன நாளாப் பசி. அதான் மெல்லத் திங்கிறன்."

வெய்யில் ஏறியது. காற்சட்டையோடு சப்பணமிட்டிருந்த தலைவரின் கால் விறைக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் சாய்ந்தார், மறு பக்கம் சாய்ந்தார். வெள்ளைக்காரர் யோகாசனம் பழகியவராம், ஆடாமல் அசையாமல் புன்னகையோடு இருந்தார். மற்றச் சஹன்களில் சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவிவிட்டு வந்து இந்தச் சஹனைச் சுற்றி நின்றார்கள். கெமராவும் வந்து நின்றது.

தலைவர் முனாசின் காதுப்பக்கம் குனிந்து, சிரிப்பு மாறாமல் பல்லுக்குள்ளால் பேசினார். கழுத்து மைக்கை நிறுத்த யாருக்கும் நினைவில்லை. நகரமெங்கும் சங்குக்காகக் கட்டிய ஒலிபெருக்கிகள் எல்லாம் விழித்திருந்தன.

"டேய், தின்னுடா. இல்லாட்டிக் கையக் கழுவுடா."

'கையக் கழுவுடா' என்று சந்தி வரைக்கும் எதிரொலித்தது. கால் வலியில் தலைவருக்கு அது உறைக்கவில்லை.

"சாவியத் தாங்க சேர். ஒரே வாயில திண்டு முடிக்கிறன்."

"விசரா? அந்த நாலையும் திறந்தா, போன வருசமும் நாலு, இந்த வருசமும் நாலு எண்டு வரும். அப்ப நாங்க இவ்வளவு காசுக்கும் என்ன செஞ்ச எண்டு கேப்பாங்களே! இந்த ஊர்ல ஓடினதே உன்ட தறிதான், அதப் பூட்டாம எப்பிடிடா நான் மீளெழுச்சி காட்டுற?"

வெள்ளைக்காரர் இர்ஷாத்தைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். இர்ஷாத் தலைவரைப் பார்த்தான். பிறகு சஹனில் முனாசின் பக்கம் மீந்திருந்த சோற்றைப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சர்க்கரை போட்டே மொழிபெயர்த்தவன், அன்றைக்கு ஒரு சொல் விடாமல், ஒரு சொல் கூட்டாமல் அப்படியே சொன்னான். புன்னகை மெதுவாக வெள்ளைக்காரர் முகத்தை விட்டுப் போனது. ஆனாலும் அவர் எழும்பவில்லை. தானும் கடைசி மனிதன் கை எடுக்கும்வரை இருப்பேன் என்றார்.

தலைவர் கோட்டுப் பைக்குள் கை விட்டுச் சாவியை எடுத்துப் பாயில் எறிந்தார்.

முனாஸ் இடது கையால் அதை எடுத்து நபீஸாவிடம் நீட்டினான். அவளும் இலட்சுமிப்பிள்ளையும் கொட்டிலை நோக்கி ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதிக் கூட்டம்.

"இப்ப கழுவு."

"தறிச்சத்தம் காதில விழட்டும் சேர். நீங்கதானே சொன்ன, நிலத்தில ஓடணும் எண்டு."

சற்று நேரத்தில் சடக் சடக்கென்று சத்தம் கேட்டது. தலைவரின் முகத்தில் உயிர் வந்தது. "கேட்டியா? ஓடுது! எழும்பு!" முனாஸ் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சத்தத்தின் நடுவில் ஒரு பெண் குரல் கூப்பிட்டது: "இஞ்சருங்க, தேத்தண்ணி ஆறுது!"

ஆலை வளவே வெடித்துச் சிரித்தது. முன்மண்டபத்தில் ஸ்பீக்கரைப் போட்ட சபைக்காரர் ஓடித் தப்பினார். முனாஸ் ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தான்.

கொட்டில் பக்கமிருந்து இலட்சுமிப்பிள்ளை வந்தாள். கையெல்லாம் துரு. கண் சிவந்திருந்தது.

"காக்கா, ரெண்டு தறியில பாவ எலி தின்டு முடிச்சிட்டு. மத்த ஒண்டு இறுகிப் போச்சு. ஒண்ட மட்டும் ஓட்டிப் பாக்கலாம், ஆனா எண்ணெய் இல்ல."

முனாசின் கை சோற்றிலேயே நின்றது. அவன் பார்வை போன இடத்தைக் கண்டு தலைவர் பயந்தேபோனார். ஆறு பேருக்கும் தட்டு ஒன்றுதான், மற்றவர்கள் மீத்த சோறும் அதில்தான் கிடந்தது.

"எண்ணெய்!" என்று அலறினார் தலைவர். "எண்ணெய் கொண்டு போங்கடா! என்ட வாகனத்தில இருந்து எடுங்கடா! துணி! ஆணி திருகிற சாமான்! எல்லாரும் போங்க! நிக்காம போய் அந்தத் தறிய ஓட்டுங்கடா!"

சபையின் உத்தியோகத்தர்கள் கழுத்துப்பட்டியோடு கொட்டிலுக்கு ஓடினார்கள். ஒருவர் சில்லைப் பிடித்துச் சுற்றினார். இன்னொருவர் தரையில் படுத்துத் துருச் சுரண்டினார். இலட்சுமிப்பிள்ளை ஏசிய ஏச்சை எல்லாம் வாங்கிக்கொண்டு, பொறியியல் பிரிவுப் பணிப்பாளர் அறுந்த நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சபை உண்டான நாளிலிருந்து ஒரு தறி ஓட வேண்டுமென்று பாடுபட்டது அந்தப் பின்னேரம் மட்டும்தான். தலைவர் பாயில் இருந்தபடி தொண்டை கிழிய விசாரித்துக்கொண்டே இருந்தார், ஒலிபெருக்கிகள் அதை வாவிக்கு அக்கரை வரைக்கும் கொண்டுபோயின: "ஓடுதா? இன்னும் ஓடல்லையா? ஐயோ கடவுளே, ஓடுதாடா?"

நிழல் நீண்ட பிறகு, ஒரு இருமலும் ஒரு கிறீச்சும் கேட்டன. அப்புறம் சடக். நின்றது. சடக், சடக். பிறகு நிற்கவில்லை.

முனாஸ் தன் பக்கத்து மீதிச் சோற்றை ஒரே பிடியாக எடுத்து வாயில் போட்டு, விரலைச் சூப்பி, கை கழுவினான். வெள்ளைக்காரரும் எழும்பி, அறிவிப்பதற்காக வைத்திருந்த காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, தறிச்சத்தம் வந்த பக்கம் நடந்தார். இர்ஷாத் தலைவரைத் திரும்பிப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் போனான்.

தலைவரும் எழும்பப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் அவருடையதாக இல்லை. ஒரு கையை ஊன்றினார், சறுக்கிச் சஹனுக்குள் விழுந்தது. நெய் வடியும் அந்தக் கையை முனாசிடம் நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் தூக்கிவிடு. கால் ரெண்டும் செத்துப்போச்சு."

முனாஸ் நீலச் சீருடையைக் கழற்றினான். அழகாக மடித்து அந்தக் கையில் வைத்தான்.

"தூக்கினா கணக்குப் பிழைச்சிரும் சேர். நீங்க இப்ப பூச்சியத்தில இரிக்கிங்க. தனிய எழும்பிப் பாருங்க, அளக்கவே ஏலாத வளர்ச்சியா இரிக்கும்."

சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போனான். இரண்டு தறிக்குப் பாவைப் புதிதாக ஏற்றி, இறுகிப்போன மூன்றாவதின் துருவைச் சுரண்ட வேண்டியிருந்தது.